மதிலுக்கு வெளியே ஒரு கஞ்சிரா

"பாடுறவன்தான் தாளத்துக்குப் பின்னாலை வரவேணும். பிள்ளையார் இறங்கி வந்து பாடினாலும் என்ரை தாளம் வளையாது!"

இதைச் சொன்னபடியே ஏரம்பர் மூக்குப்பேணித் தண்ணீருக்குள் இரண்டு விரலைத் தோய்த்து, கஞ்சிராவின் உட்புறத்தில் தடவுகிறார். ஈரம் பட்டால்தான் உடும்புத் தோல் தளர்ந்து அடிக்குரல் கொடுக்கும். அந்தத் தண்ணீரை எவருக்கும் குடிக்கத் தரமாட்டார். விக்கல் எடுத்த மனைவி இராசமலருக்கே, "கிணறு உங்கை கிடக்கு" என்று வழி காட்டியவர்.

பகலில் தொண்டைமானாற்றுக் கரையில் வலை இழுப்பு. வெள்ளிக்கிழமை மாலையானால் நெற்றி நிறையத் திருநீறு; கடற்கரைப் பிள்ளையார் கோயில் பஜனையில் முன்வரிசை. கையகல வட்டச் சட்டம், அதன் விளிம்பில் கிலுங்கும் இரண்டு காசு, இவ்வளவுதான் ஆயுதம்.

வில்லங்கம் கோயில் மனேச்சர் பொன்னம்பலத்தாரால் வந்தது. அன்னாருக்குப் பாடுவதில் தீராத ஆசை; தாளத்துக்கும் அவருக்கும் மட்டும் பேச்சுவார்த்தை இல்லை. ஒருநாள் அவர் தாளம் தப்பியபோது, ஏரம்பர் சரியான இடத்தைச் சபையறிய ஓங்கித் தட்டிக் காட்டினார். மறுவாரமே மனேச்சர் ஒரு சாஸ்திரம் கண்டுபிடித்தார்.

"உடும்புத் தோல் தீட்டு, ஏரம்பு. உதை உள்ளை கொண்டு வரப்படாது."

"அப்ப உந்த மிருதங்கம் என்ன, கத்தரிக்காய்த் தோலோ?"

சபை சிரித்தது. சாஸ்திரம் சிரிக்கவில்லை. ஏரம்பர் வெளியேறினார், ஆனால் வீட்டுக்குப் போகவில்லை. மதிலுக்கு வெளியே சாக்கை விரித்து அமர்ந்தார். "றோட்டு என்ன மனேச்சற்றை சீதனமோ? தட்டுவன்!"

அன்றிலிருந்து உள்ளே மைக்கும் வெளியே ஏரம்பருமாகப் பஜனை நடக்கிறது. சனத்தில் பாதி சுவாமியை மறந்து மதிலுக்குக் காது கொடுக்கிறது.

சென்ற வெள்ளி மனேச்சரே பாட உட்கார்ந்தார். இரண்டாம் அடியில் அரைத் தட்டு பிந்தினார். எட்டிப் பிடிக்கப் பார்த்தார், முடியவில்லை. குரல் நடுங்கியது. சபையில் சிரிப்பு முளைத்தது. எல்லாக் கண்களும் மதிற்பக்கம் திரும்பின.

ஏரம்பருக்குப் பக்கத்தில் குந்தியிருந்த மைத்துனர் இளையதம்பிக்கு இருப்புக் கொள்ளவில்லை. "அத்தான், குடுங்கோ ஒண்டு! ஆள் இண்டையோடை சரி!"

"பொத்தடா வாயை."

ஏரம்பர் கண்ணை மூடினார். ஒரு தட்டை விழுங்கினார். மனேச்சர் பிழையாக நின்ற அந்த இடத்திலேயே மெல்ல விரலை வைத்து, பாட்டு முடியுமட்டும் அவருக்குப் பின்னாலேயே போனார்.