தகப்பன் கையெழுத்து

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் அவளுக்கு இஸ்திரி அக்கா என்று பெயர். ஈரப் படுக்கை விரிப்பைச் சுருக்கம் விழாமல் உருளை இயந்திரத்துக்குக் கொடுத்து, மறுபக்கம் வருவதை மடித்து அடுக்குவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பன்னிரண்டு வருடமாக அதே இயந்திரம், அதே வெக்கை. மேற்பார்வையாளரிடம் ஒரு நாள்கூட வசவு வாங்கியதில்லை. அந்தப் பெருமையெல்லாம் போன வாரம் செவ்வாய்க்கிழமையோடு போயிற்று. மடிக்கிற மேஜைக்கு அடியிலிருந்து இரண்டு சின்னக் கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்ததை அவர் பார்த்துவிட்டார்.

கால்கள் அவள் மகளுடையவை. ஐந்து வயது, வீட்டில் குட்டி. குட்டி போகிற பாலர் பள்ளி பன்னிரண்டு மணிக்கெல்லாம் கதவைச் சாத்திவிடும். அம்மாவுக்கு வேலை முடிவதோ ஆறு மணிக்கு. நடுவில் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டம்மா வீட்டைக் காலி செய்துகொண்டு மகனோடு போய்விட்டாள். அதற்குப் பிறகு இடைவேளையில் ஓட்டமும் நடையுமாகப் போய்க் குட்டியை அழைத்துவந்து, மேஜைக்கு அடியில் உட்காரவைத்து, துவைத்த துணி வண்டியை முன்னால் தள்ளி மறைத்தாள். மூன்று வாரம் மூச்சுக் காட்டாமல் இருந்த குழந்தை அன்றைக்கு அசந்து தூங்கிவிட்டது.

"இது நோயாளிங்க துணி புழங்குற இடம்மா. குழந்தைக்கு ஏதாவது ஒட்டிக்கிச்சுன்னா யாரு பதில் சொல்றது? இன்னொரு தடவை பார்த்தேன்னா நீங்களும் குழந்தையோட வீட்டுக்குப் போயிட வேண்டியதுதான்" என்றார் மேற்பார்வையாளர்.

அவர் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் அவளை இன்னும் அழவைத்தது.

ஒரே ஒரு வழி இருந்தது. அவள் போகிற சர்ச்சுக்கு அடுத்த தெருவில் ஒரு கிறிஸ்தவப் பள்ளி. மாலை ஆறரை வரைக்கும் பிள்ளைகளை வைத்துக்கொள்வார்கள். அப்படி வேறு பள்ளி அந்தப் பக்கத்திலேயே கிடையாது. இடம் முப்பது. விண்ணப்பம் வாங்க நின்ற வரிசையோ தெருமுனை தாண்டி வளைந்து கிடந்தது.

விண்ணப்பம் பதினோரு பக்கம். கல்யாணத்தின்போதுகூட யாரும் அவளை இத்தனை கேள்வி கேட்கவில்லை, கேட்டிருந்தால் தேவலாம். வீட்டில் ஜெபம் உண்டா, குழந்தைக்கு எந்த வசனம் தெரியும், எந்தச் சபை, எத்தனை வருடம் என்று எல்லாவற்றுக்கும் அவளிடம் நல்ல பதில் இருந்தது. கடைசிப் பக்கத்தில்தான் மாட்டிக்கொண்டாள். குடும்ப நேர்காணலுக்குத் தாய் தகப்பன் இருவரும் கட்டாயம் வரவேண்டும். கீழே இரண்டு கட்டம். ஒன்று தாய் கையெழுத்து, இன்னொன்று தகப்பன் கையெழுத்து.

தகப்பன் இரண்டு வருடம் முன்னால் ஒரு பையோடு வேலை தேடிப் போனவன். முதல் மாதம் இரண்டு தடவை பேசினான். அப்புறம் அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண்குரல்தான் பேசியது. செத்துப்போனவனுக்குச் சான்றிதழ் கிடைக்கும், விவாகரத்து ஆனவனுக்கும் ஒரு தாள் உண்டு. இப்படிக் காற்றோடு போனவனுக்கு எந்த அலுவலகத்தில் போய்க் காகிதம் கேட்பது?

பள்ளிக்குப் போன் செய்து பார்த்தாள். "அவரால வர முடியலைன்னா..." என்று இழுத்தாள்.

"ஃபாரத்துல என்ன போட்டிருக்கோ அதுதாங்க" என்று வைத்துவிட்டார் குமாஸ்தா.

போதகரிடம் பரிந்துரைக் கடிதம் கேட்கப் போனபோது அவர், "எல்லாத்தையும் எழுதட்டுமாம்மா?" என்றார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டே, "நல்லதா மட்டும் எழுதுங்க பாஸ்டர்" என்றாள். அவர் எழுதி, உறையை ஒட்டி, மேலே முத்திரையும் குத்திக் கொடுத்தார். பிரிக்கக்கூடாது என்பது விதி. அவளும் பிரிக்கவில்லை. பள்ளி விதிகளை அவள் அவ்வளவு மதித்தாள், ஒன்றைத் தவிர.

அந்த ஒன்றுக்கு வழி சொன்னவன் அவள் அண்ணன். லாரி ஓட்டுகிறவன், மாதத்தில் ஒரு வாரம்தான் வீட்டில் இருப்பான். அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு மதியத்தில் குட்டியை அவன்தான் பார்த்துக்கொண்டான். "நான் வர்றேன். யாருக்குத் தெரியப்போகுது? இந்தப் பிள்ளைய நான் தூக்கினதுல பாதிகூட அவன் தூக்கினதில்ல" என்றான். தகப்பன் கட்டத்தில் அவனே கையெழுத்துப் போட்டான். நாக்கைக் கடித்துக்கொண்டு, கோணல் மாணலாக.

இரண்டு நாள் ஒத்திகை நடந்தது. மாமாவை அப்பா என்று கூப்பிட வேண்டும் என்று குட்டிக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

"அப்புறம் அப்பா வந்தா அவரை என்னன்னு கூப்பிடறது?"

அம்மா அதன் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டாள். "வரட்டும், அப்ப பார்த்துக்கலாம்."

பிரின்சிபல் அறையில் நீளமான மேஜை, ஒரு சிலுவை, சுவர் முழுக்க வருடவாரியாகப் பிள்ளைகள் படம். பிரின்சிபல் அம்மா கண்ணாடியை இறக்கிவிட்டு மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். அண்ணன் புதுச் சட்டையின் கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, வியர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தான். ஆனாலும் சும்மா சொல்லக்கூடாது, பிரமாதமாகச் சமாளித்தான். குட்டிக்கு என்ன பிடிக்கும், எதற்குப் பயம், எந்தப் பல் ஆடுகிறது என்று எல்லாவற்றுக்கும் டக் டக்கென்று பதில். குட்டியும் இரண்டு தடவை தெளிவாக 'அப்பா' போட்டது. வசனத்தைப் பிசகாமல் சொன்னது.

"இதைத் தவிர நீங்க ரெண்டு பேரும் என்கிட்ட ஏதாவது சொல்லணுமா?" என்று பிரின்சிபல் கேட்டார். அம்மா அவசரமாக இல்லை என்று தலையாட்டினாள். "ஒண்ணுமில்ல மேடம்." அவர் கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை கேட்டார். அப்போதும் அதே பதில்தான்.

"சரி. இங்க எப்பவும் ஜெபத்தோடதான் முடிப்போம். அப்பா ஜெபம் பண்ணட்டும்."

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. கல்யாணச் சாப்பாட்டுக்குத் தவிர சர்ச் பக்கம் தலைவைத்துப் படுக்காதவன் அவன். ஒத்திகையில் இந்த ஒன்று யாருக்குமே தோன்றவில்லை. கண்ணை மூடினான். "ஆண்டவரே..." என்றான். "ஆண்டவரே..." என்று மறுபடியும் சொல்லிவிட்டு அங்கேயே நின்றுவிட்டான்.

குட்டிக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும். தினமும் படுக்கப்போகுமுன் சொல்கிற ஜெபம் அதற்கு மனப்பாடம். கண்ணை இறுக மூடிக்கொண்டு கணீரென்று ஆரம்பித்தது.

"ஆண்டவரே, எங்க அப்பா எங்க இருந்தாலும் பத்திரமா வீட்டுக்குத் திருப்பி அனுப்புங்க. மாமா லாரி ஓட்டும்போது கூடவே இருங்க. அம்மா அழக்கூடாது. ஆமென்."

"ஆமென்" என்றான் அண்ணன், நிம்மதியாக. அப்புறம்தான் அவனுக்கு உறைத்தது.

பிரின்சிபல் மேஜை இழுப்பறையைத் திறந்து போதகரின் கடிதத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தார். உறை ஏற்கெனவே பிரிக்கப்பட்டிருந்தது. புருஷன் போய் இரண்டு வருடம் ஆயிற்று, ஒரு ஞாயிறுகூடத் தவறாமல் வருகிறாள், குழந்தையைத் தனியாக வளர்க்கிறாள், இவளைவிட இந்த இடத்துக்குத் தகுதியானவள் என் சபையில் இல்லை. அவ்வளவுதான் எழுதியிருந்தார். அவருக்குத் தெரிந்த நல்லது அதுதான்.

"இதைப் படிச்சுட்டுத்தான் உங்களை நேர்காணலோட முதல் நாளே கூப்பிட்டேன். குழந்தைக்கு இடம் எடுத்து வெச்சிருந்தேன். ரெண்டு தடவை கேட்டேனேம்மா" என்றார் பிரின்சிபல்.

"கையெழுத்து நான்தான் போட்டேன் மேடம். அவ வேண்டாம்னுதான் சொன்னா" என்றான் அண்ணன். அதுவும் பொய்.

"பயந்துட்டேன் மேடம். எனக்கு வேற வழி இல்ல. புது ஃபாரம் கொடுங்க, இப்பவே எழுதிடறேன்" என்று அவள் கையைக் கூப்பினாள். வாய்விட்டு அழுதாள்.

"பொய்க் கையெழுத்தோட இருக்கிற ஃபாரத்தைச் சேர்க்கைக் குழு முன்னால வைக்க முடியாது. விண்ணப்பத் தேதியும் முடிஞ்சுபோச்சு. அடுத்த வருஷம் நீங்க மட்டும் வாங்க." அவர் குரலும் உடைந்திருந்தது. அந்தக் குரலை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்ய?

வாசலில் அண்ணன் தலையில் தலையில் அடித்துக்கொண்டான். அவனுக்கு லாரி காத்திருந்தது. போனால் வர இருபது நாள் ஆகும். போகும்போது திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

"நான் ஜெபம் தப்பா சொல்லிட்டேனாம்மா?" என்றது குட்டி.

"இல்லடா. நல்லாத்தான் சொன்னே."

மணி பன்னிரண்டே முக்கால். அரைநாள் விடுப்பு ஒரு மணியோடு முடிகிறது. குழந்தையை விட்டுவர ஒரு வீடு இல்லை, ஒரு ஆள் இல்லை. குட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு சலவைக்கூடத்தின் பின்வாசல் வழியாக நுழைந்தாள். யாரும் ஒன்றும் சொல்வதற்குள் குட்டி தானாகவே மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்தது. நேர்காணலுக்கென்று போட்டுவந்த வெள்ளை ஷூக்களைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டது. இடைவழியில் மேற்பார்வையாளரின் செருப்புச் சத்தம் கேட்டது. அம்மா துணி வண்டியைத் தள்ளும் முன்பே குட்டி இரண்டு கால்களையும் உள்ளே இழுத்துக் கட்டிக்கொண்டது.