உபதேசியார் தட்டி வைத்த கோப்பு

மாதா கோயில் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் தெரிந்த ஆள் நான் ஒருவன்தான். தொழிற்சாலை ஆபிஸ் ஒன்றில் முப்பது வருடம் குப்பை கொட்டிவிட்டு ஓய்வு பெற்றவன். சனிக்கிழமை காலைகளில் தெங்கேராவில் இருக்கும் என் வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய், திருமண அறிவிப்பு அடிப்பது, பிரிண்டரில் சிக்கிய தாளை இழுப்பது என்று ஏதாவது செய்துகொடுப்பேன். இதற்கே பாதர் என்னை எல்லோரிடமும் 'எக்ஸ்பெர்ட்' என்று அறிமுகப்படுத்தினார். நானும் மறுத்துப் பேசவில்லை.

அப்படி ஒரு சனிக்கிழமை ஒரு பெண் வந்தார். ஐம்பதைத் தாண்டியவர், டுரியான் துங்காலில் துப்புரவு வேலை. கைப்பையிலிருந்து அடையாள அட்டையை, ஐசியை, எடுத்து மேசைமேல் வைத்தார். சிவப்பு ஐசி. குடியுரிமை உள்ளவர்களுக்கு நீலம். சிவப்பு என்றால் இங்கே குடியிருக்கலாம், அவ்வளவுதான். ஆனால் அவர் இங்கேயே, லூபோக் சீனா என்ற ஊர்ப் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர்.

"அண்ணே, இன்னும் ரெண்டு வாரத்துல எனக்கு நீல ஐசிக்கு இன்டர்வியூ. இங்கதான் பொறந்தேன்னு காட்ட ஏதாச்சும் சூராட் வேணுமாம். சூராட் பெரானா இல்ல, பொறப்புப் பத்திரம் அப்பா எடுக்கவே இல்ல. எஸ்டேட் கோயில்லதான் எனக்கு ஞானஸ்நானம். அந்தப் புக்கு இங்க வந்துருச்சுன்னு சொன்னாங்க."

புத்தகம் வந்திருந்தது, முழுசாக இல்லை. எஸ்டேட்டை விற்றுக் கோயிலை இடித்தபோது பதிவேட்டை இங்கே கொண்டுவந்தார்கள். அவருக்கு வேண்டிய பக்கங்களைக் கரையான் தின்றுவிட்டது. ஆனால் கரையானுக்கு முன்னால் எஸ்டேட் கோயில் உபதேசியார் முந்திக்கொண்டிருந்தார். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பதிவேடு முழுவதையும் தட்டி ஒரு சிடியில் போட்டு வைத்திருந்தார். அவர் இப்போது உயிரோடு இல்லை. அவருடைய சிடி மட்டும் அலமாரியில் ஓர் உறைக்குள் இருந்தது. அதில் ஒரே ஒரு கோப்பு. பெயருக்குப் பின்னால் புள்ளி வைத்து டி, ஏ, டி: 'டேட்' என்று முடிந்தது.

கோப்பின் பெயருக்குப் பின்னால் வரும் அந்த வாலைப் பார்த்துத்தான், அதை எந்தச் செயலியில் திறப்பது என்று கம்ப்யூட்டர் முடிவு செய்யும். பாட்டுக்கு ஒரு வால், படத்துக்கு ஒரு வால். 'டேட்' என்ற வால் மட்டும் எதையும் சொல்லாது. உள்ளே தகவல் இருக்கிறது என்று அர்த்தம். வீடு மாறும்போது பெட்டிமேல் 'சாமான்' என்று எழுதுவோமே, அந்த மாதிரி. கரண்டியா கால்சட்டையா என்று பிரித்தால்தான் தெரியும்.

இரண்டு முறை கிளிக் செய்தேன். எந்தச் செயலியில் திறக்க வேண்டும் என்று கம்ப்யூட்டர் என்னையே திருப்பிக் கேட்டது. பக்கத்தில் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது தெரியாது என்று எப்படிச் சொல்வது? பழைய விசிடி படங்களுக்கும் இதே வால்தான் என்பது நினைவு வர, முதலில் வீடியோ செயலியில் போட்டேன். ஒன்றும் ஓடவில்லை. பிறகு வேர்டில் திறந்தேன். திரை முழுக்கத் தொப்பி போட்ட ஆங்கில எழுத்துகள், தலைகீழான கேள்விக்குறிகள், முக்கால் குறிகள். நடுநடுவே சில எண்கள். அரை நிமிடம்கூடப் பார்த்திருக்க மாட்டேன்.

"ஃபைல் கெட்டுப்போச்சும்மா. ரோசாக்."

"வேற வழி ஏதும் இல்லியாண்ணே?"

"இல்ல லா. சிடி ரொம்பப் பழசு. இதெல்லாம் இப்படித்தான் ஆவும்."

அவர் தன் பெயரையும் அப்பா பெயரையும் போன் நம்பரையும் ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டு, நன்றி சொல்லிப் போனார். நான் கோப்பி குடிக்கப் போனேன்.

ஒரு மாதம் கழித்து வீட்டில் என் பழைய கம்ப்யூட்டரிலிருந்த கோப்புகளைப் புதியதற்கு மாற்றிக்கொண்டிருந்தேன். இருபது வருடத்துக்கு முன்னால் என் அக்காவுக்குத் தமிழில் எழுதிய கடிதம் ஒன்று கண்ணில் பட்டது. புதிய கம்ப்யூட்டரில் திறந்தேன். அதே தொப்பி எழுத்துகள், அதே முக்கால் குறிகள். இது கெட்டுப்போகவில்லை என்பது எனக்குத் தெரியும்; நானே தட்டியது. அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துரு ஒவ்வொன்றும் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழை உட்கார வைத்திருக்கும். எழுத்துரு இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் அந்த இடத்தின் பழைய சொந்தக்காரனைத்தான் காட்டும். உபதேசியாரின் கோப்பும் கெட்டிருக்கவில்லை என்று அப்போதுதான் புரிந்தது.

சனிக்கிழமை வரும்வரை காத்திருக்கவில்லை. மறுநாள் காலையே பழைய எழுத்துருவைப் பெண்டிரைவில் எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். இந்த முறை முதலில் கோப்புக்கு ஒரு நகல் எடுத்தேன். நகலை நோட்பேடில் திறந்து நிதானமாகப் பார்த்தேன். ஒவ்வொரு வரியும் ஓர் ஆண்டின் எண்ணோடு தொடங்கியது. ஒவ்வொரு வரியிலும் எண்ணி வைத்தது போல அதே எண்ணிக்கையில் காற்புள்ளிகள். கெட்டுப்போன கோப்பு இவ்வளவு ஒழுங்காக இருக்காது. அன்றைக்கே இந்த எண்களைப் பார்த்தேன்; பார்த்தும் யோசிக்கவில்லை.

உபதேசியாரும் அதே எழுத்துருவில்தான் தட்டியிருந்தார்; எழுத்துருவை மாற்றியதும் திரை முழுவதும் தமிழாகிவிட்டது. பிள்ளை பெயர், தகப்பன், தாய், ஞானப்பெற்றோர், பிறந்த தேதி, பிறந்த இடம். அவர் எழுதிக் கொடுத்த அப்பா பெயரைத் தேடினேன், கிடைத்தது. பிறந்த இடம் அதே எஸ்டேட். கடைசிக் கட்டத்தில் உபதேசியார் பதிவேட்டில் இருந்ததை அப்படியே தட்டியிருந்தார்: 'பிறப்பு இன்னும் பதியப்படவில்லை. தகப்பனாரிடம் சொல்லப்பட்டது.'

போன் செய்து, கிடைத்துவிட்டது என்று கத்தினேன். சனிக்கிழமை வருகிறேன் என்று மட்டும் சொன்னார்.

வந்தார். பாதர் கையெழுத்தும் முத்திரையும் போட்ட தாளைக் கொடுத்தேன். விரல் வைத்து மெதுவாகப் படித்தார். "அப்பாகிட்ட சொல்லித்தான் இருக்காங்க," என்றார்.

"இன்டர்வியூ என்ன ஆச்சும்மா?"

"முடிஞ்சிருச்சிண்ணே. கோயில் புக்கு இருக்கான்னு கேட்டாங்க. கம்ப்யூட்டர்ல இருந்துச்சி, கெட்டுப்போச்சுன்னு சொன்னேன். ஒரு சூராட்டும் இல்லன்னு எழுதிக்கிட்டாங்க. இனிமே புதுசாத்தான் மனு போடணுமாம். இந்த இன்டர்வியூக்கே ஆறு வருசம் காத்திருந்தேன்."

வெட்கத்தில் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மனுப் பாரத்தை நானே எழுதித் தருகிறேன், ஆபிஸ் கவுண்டர் வரைக்கும் நானே கூட வருகிறேன் என்று ஏதேதோ சொன்னேன். அவர் கோபப்படவில்லை. தாளை இரண்டாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டும்போதுதான் திரும்பிப் பார்த்தார்.

"அன்னிக்கு நீங்க தெரியலன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நான் வேற யாரையாச்சும் கேட்டிருப்பேண்ணே."