கிழக்குக் கோலுக்குப் பின்னால் உளுந்து

ஜேசிபி செம்மண்ணை வழித்துக்கொண்டே வந்து, ஹாக்கி மைதானத்தின் கிழக்குக் கோல் கம்பத்துக்குப் பத்தடி முன்னால் ஒரு கல்லில் இடித்து நின்றது. அது எல்லைக்கல். சர்வேயர் படத்தை விரித்துப் பார்த்துவிட்டு, கல்லுக்கு அந்தப் பக்கம் கல்லூரி இடமே இல்லை, பட்டா வேறொருவர் பெயரில் இருக்கிறது என்றார். பெயரைப் படித்தார். பக்கத்தில் நின்ற ஆபீஸ் கிளார்க், "இது நம்ம பழைய கிரவுண்டு மார்க்கரோட அய்யா பேருல்லா!" என்று வாயைப் பிளந்தார். நான் படத்தை வாங்கி அந்தப் பெயரை இன்னொரு முறை படித்தேன்.

கோயில்பட்டியில் ஹாக்கி மட்டை இல்லாத தெருவைத் தேட வேண்டும். ஆனால் கரிசல் மண் விளையாட்டுக்கு ஆகாது. சித்திரையில் பாளம் பாளமாக வெடிக்கும், கார்த்திகையில் பூட்ஸைக் கழற்றிவிட்டுத்தான் காலை எடுக்க முடியும். அதனால் லாரி லாரியாகச் செம்மண் கொண்டுவந்து மேலே கொட்டி எங்கள் மைதானத்தை உண்டாக்கினார்கள். முதலில் அது குட்டை மைதானம். முழு அளவு வேண்டும் என்று பிறகு கிழக்கே நீட்டினார்கள். யார் நிலத்தில் நீட்டினார்கள் என்று நாங்கள் கேட்டதில்லை. தண்ணீர் தெளித்து, ரோலர் இழுத்து, சுண்ணாம்பில் கோடு போட மார்க்கர் அண்ணாச்சி இருந்தார். எங்களுக்கு அது போதும்.

அண்ணாச்சியிடம் ஒரு பழக்கம். புரட்டாசி மழை விழுந்ததும் கிழக்குக் கோலுக்குப் பின்னால், செம்மண் முடிகிற இடத்தில், நாலு முழ அகலத்துக்கு உளுந்து விதைத்துவிடுவார். நான் கேப்டனாக இருந்த வருஷம் வெளியூர் அணி ஒன்று ஆட வந்தது. பந்து உளுந்துக்குள் போய்த் தொலைந்தது. எல்லாரும் குனிந்து தேடுகிறோம். அவர்கள் கோல்கீப்பர், "இது கிரவுண்டா, புஞ்சையா?" என்று கேட்டுச் சிரித்தான். ஆட்டத்தில் தோற்றதைவிட அந்தச் சிரிப்புதான் என்னை அரித்தது. மறுநாள் கல்லூரி முதல்வருக்கு ஒரு பக்கத்துக்கு மனு எழுதினேன். 'கல்லூரி நிலத்தை ஆக்கிரமித்து' என்ற வார்த்தையை யோசித்து யோசித்துப் போட்டது நான்தான். முதல்வர் எங்கள் எல்லார் முன்னாலும் அவரைப் பிடுங்கச் சொன்னார். காய் பிடித்திருந்த செடிகள். அண்ணாச்சி குத்துக்கால் வைத்து உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கி, வேரிலிருந்த மண்ணை உதறிக் கட்டாகக் கட்டினார். "இத எங்கன போட?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் காலை கோடுகள் வழக்கம்போல நேராக இருந்தன.

இப்போது செயற்கைப் புல்தரை போட அனுமதி வந்திருக்கிறது. கிழக்குப் பகுதி இல்லாவிட்டால் அளவு பத்தாது, அனுமதியும் போய்விடும். முன்னாள் மாணவர் சங்கச் செயலாளர் என்ற முறையில் நான்தான் நிலத்தை விட்டுத்தரக் கையெழுத்துக் கேட்டு, கடம்பூர்ப் பக்கத்தில் இருந்த அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். வயது எண்பதை நெருங்கியிருந்தாலும் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார்.

"அண்ணாச்சி, அது உங்க நிலம்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம இருக்குமா? எங்கய்யாகூட நான் உழுத நெலம்லா. கிரவுண்டுக்கு விடு, ஒம் மகனுக்கு வேல தாரோம்னு அப்ப காலேஜில இருந்த பெரியவிய சொன்னாவ. அய்யா சரின்னுட்டாரு. பேச்சுதான், காயிதம் கிடையாது. ஆனா வெத விழாம ஒரு வருசம் போவக் கூடாதுன்னாரு. அதான் ஓரத்துல ரெண்டு கை வெதச்சேன்."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா வேலைய விட்டுப் போன்னிருப்பாவ. ரெண்டு பொம்பளப் புள்ளைய வச்சிக்கிட்டு நான் எங்கன போவ?"

மனு எழுதிய தப்பு என்னுடையது, மன்னிக்க வேண்டும் என்று எப்படியோ சொல்லி முடித்தேன். "எங்கிட்ட எதுக்குச் சொல்லுதீய? எல்லாரு முன்னாலயும்லா புடுங்கச் சொன்னாவ. எல்லாரு முன்னாலயும் வந்து சொல்லுங்க" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பழைய அணியைக் கல்லூரி அரங்கில் கூட்டினேன். அன்று நின்று பார்த்தவர்களில் முக்கால்வாசிப் பேர் வந்திருந்தார்கள். அண்ணாச்சி மகளோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். மைக்கைப் பிடித்து எல்லாவற்றையும் சொன்னேன். மனு எழுதியது நான், ஆக்கிரமித்தது அவரல்ல, நாம்தான் என்றேன். கூட்டத்தில் சிலர் கண்ணைத் துடைத்தார்கள். நான் அவர் காலைத் தொட்டுவிட்டு, மேசைமேல் தயாராக வைத்திருந்த ஒப்புதல் பத்திரத்தை எடுத்துப் பேனாவோடு நீட்டினேன்.

அவர் அதை வாங்கவில்லை. மகளின் தோளைப் பிடித்து எழுந்தார்.

"நீங்க சொன்னத கேட்டுக்கிட்டேன். ரொம்ப சந்தோசம். நெலத்த தர மாட்டேன்."

அவ்வளவுதான். மெல்ல நடந்து வாசலைத் தாண்டிப் போய்விட்டார். எனக்கு முதலில் வந்தது கோபம். இவ்வளவு பேர் முன்னால் மன்னிப்புக் கேட்டும் இப்படிச் செய்கிறாரே என்று. கையில் பேனா மூடி திறந்தபடியே இருந்தது. கையெழுத்துக்காகத்தான் அந்த மன்னிப்பையே கேட்டிருக்கிறேன் என்பது அதைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது.