அப்பாவின் நடை பழகிய மாதங்கள்

அப்பாவின் உடம்பில் ஏதோ சரியில்லை என்பது எங்கள் வீட்டில் முதலில் தெரிந்தது என் உடம்புக்குத்தான். எனக்கே அது பிறகுதான் தெரிந்தது. இதை நான் அதிகம் பேரிடம் சொல்வதில்லை. நாடகம் படித்தவள், கொஞ்சம் கூட்டித்தான் சொல்வாள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

கும்மிடிப்பூண்டியில், சிப்காட்டுக்குப் போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். தாத்தா அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டியவர். அப்பா இரும்புக் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் கான்ட்ராக்ட் ஆள். நான் தினமும் லோக்கல் ரயிலில் சென்னைக்குப் போய் ஒரு பல்கலைக்கழகத்தில் நாடகம் படித்தேன். எங்கள் சர்ச்சில் கேட்டார்கள், "நாடகத்துக்கெல்லாமா காலேஜு கீது?" என்று. அப்புறம் எந்தப் படத்தில் வருகிறாய் என்று கேட்டார்கள். முதல் ஆண்டு முழுக்க நாங்கள் தரையில் உருண்டுகொண்டும் மரமாக நின்றுகொண்டும் இருந்ததை நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. விட்டிருந்தால் அம்மா என் ரயில் பாஸைக் கிழித்துப் போட்டிருப்பாள்.

இரண்டாம் ஆண்டில்தான் அந்தப் பயிற்சி வந்தது. உயிரோடு இருக்கும் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவருக்குத் தெரியாமல் பார்க்க வேண்டும். எப்படி நடக்கிறார், எப்போது மூச்சு விடுகிறார், கையை எங்கே வைத்துக்கொள்கிறார் எல்லாவற்றையும் உடம்பில் ஏற்றிக்கொண்டு, பருவத் தேர்வில் அவராக வந்து நிற்க வேண்டும். வசனம் கிடையாது. எதையும் கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது, கேலி செய்யக் கூடாது. ஏன் அப்படிச் செய்கிறார் என்று யோசிக்கவும் கூடாது. காரணம் பிறகு தானாக வரும் என்பார்கள்.

வகுப்பில் பாதிப் பேர் டீக்கடைக்காரரை எடுத்தார்கள். நான் அப்பாவை எடுத்தேன். பாசமெல்லாம் ஒன்றும் இல்லை. ரயிலிலேயே நாள் போய்விடும் எனக்கு, உட்கார்ந்து பார்க்க வீட்டில் கிடைத்த ஒரே ஆள் அவர்தான். ஆயுத பூஜை விடுமுறை முடிந்து கல்லூரி திறந்ததும் பார்க்கத் தொடங்கினேன்.

அப்பா அதிகம் பேசாதவர். அப்படிப்பட்டவரைப் பார்ப்பது சுலபம், பேச்சு குறுக்கே வராது. கேட்டை இடுப்பால் தள்ளித் திறப்பார். இடது கை எப்போதும் பேன்ட் பாக்கெட்டில் இருக்கும். மாடிப் படி பாதியில் திரும்பும். அந்தத் திருப்பத்தில் நின்று, வலது கையால் செல்போனை எடுத்துப் பார்ப்பார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உள்ளே வைத்துக்கொண்டு மிச்சப் படிகளை ஏறுவார். வாசலில் ஷூவைக் கழற்றும் முன் ஒரு தடவை தொண்டையைச் செருமுவார்.

அந்தச் செல்போன் இடம் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. வீட்டுக்குள் நுழையும் முன் ஒரு மனிதன் தனக்கென்று எடுத்துக்கொள்ளும் சின்ன நேரம் என்று நானே அதற்கு ஒரு அர்த்தம் கொடுத்து மகிழ்ந்துகொண்டேன். எங்கள் துறையில் இப்படி ஒரு செய்கை கையில் கிடைத்தால் சோறு தண்ணி வேண்டாம். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

வகுப்பு இல்லாத பகல்களில், அப்பா வேலைக்குப் போயிருக்கும்போது பழகினேன். அவருடைய பழைய சேஃப்டி ஷூவில் துணி அடைத்துப் போட்டுக்கொண்டு, கேட்டிலிருந்து மாடி வரை ஏறுவேன். கீழ்வீட்டில் ஒரு நாய் உண்டு. யார் வந்தாலும் குரைக்கும், அப்பா வந்தால் மட்டும் எழுந்து திருப்பம் வரை கூடவே போகும். ஒரு நாள் அது என்னோடு வந்தது. திருப்பத்தில் நான் நின்றதும் அதுவும் நின்றது. பிறகு என் காலை முகர்ந்தது. வாலைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்தபடியே பின்னால் ஒவ்வொரு படியாக இறங்கிப் போனது. அதற்குப் பிறகு அது என் பக்கம் வரவில்லை.

அதே வாரம், நான் வாசலில் தொண்டையைச் செருமியபோது உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"இன்னா, இன்னிக்கு சீக்கிரமே வந்துட்ட? சோறு போடட்டா?"

அம்மா கடைக்குப் போயிருக்கிறாள் என்று நினைத்திருந்தேன். அம்மாவுக்குத் தெரிந்தால் அப்பாவுக்கும் தெரிந்துவிடும், பயிற்சி கெட்டுவிடும். ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் இறங்கி வீட்டின் பின்பக்கம் போய்விட்டேன். அம்மா வெளியே வந்து பார்த்தாள். கேட் வரை எட்டிப் பார்த்தாள். வெயில்தான் இருந்தது. மூன்று மணிக்கு மேல் அப்பா நிஜமாகவே வந்தபோது, தட்டில் போட்டிருந்த சோறு காய்ந்து கிடந்தது.

"மொதல்ல வந்துட்டு எங்க போன?" என்றாள் அம்மா.

"நான் இப்பதான வர்றேன்" என்றார் அப்பா.

எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை. வேஷம் பொருந்திவிட்டதே.

மழைக்காலம் வந்தது. ஒரு சாயங்காலம் ஸ்டேஷனிலிருந்து அப்பாவின் ரெயின்கோட்டைப் போட்டுக்கொண்டு, தலையை மூடிக்கொண்டு நடந்து வந்தேன். அன்று நான் எதையும் பழகவில்லை. சும்மா நடந்தேன். பின்னாலிருந்து சைக்கிளில் வந்த ஒருவர் வேகத்தைக் குறைத்து, "அண்ணே, இன்னிக்கு ஆஃபா? சொல்லவே இல்ல?" என்றார். அப்பாவோடு வேலை செய்கிறவர். நான் திரும்பினேன். என் முகத்தைப் பார்த்ததும் அவர் ஹேண்டிலை வெடுக்கென்று ஒடித்தார். சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்விட்டார். குனிந்து பார்த்தேன். என் இடது கை பாக்கெட்டுக்குள் இருந்தது. எப்போது வைத்தேன் என்று தெரியவில்லை. வெளியே எடுத்தபோது முழங்கையிலிருந்து விரல் வரை மரத்துப்போயிருந்தது. அப்போதுதான் எனக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது.

அந்த ஆள் மறுநாள் வீட்டுக்கே வந்துவிட்டார். நான் வெளியே வராமல் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். அப்பாவை ரோட்டில் பார்த்ததாகவும், திரும்பினால் வேறு முகம் இருந்ததாகவும் சொன்னார். "அந்த நேரம் நீ உள்ள மிஷினாண்ட இருந்தேன்னு அப்பால தான்ணே தெரிஞ்சிச்சி. நடைய பாத்தா அச்சு அசல் நீதான்." அப்பா சிரித்து மழுப்பினார். அம்மா சிரிக்கவில்லை. ஆள் ஒரு இடத்தில் இருக்கும்போது அவன் உருவம் வேறொரு இடத்தில் நடந்தால் அது சாவுக்கு அடையாளம் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சர்ச்சிலிருந்து ஜெப எண்ணெய் வாங்கி வந்து நிலைப்படியில் சிலுவை போட்டாள். அப்பா தூங்கும்போது அவர் நெஞ்சிலும் தடவினாள். நான் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன்.

வகுப்பில் ஒத்திகை வந்தது. அப்பாவாக நடந்து காட்டினேன். முடிந்ததும் ஒருத்தி, எங்கள் செட்டிலேயே வாய் துடுக்கானவள், கேட்டாள்.

"போன்ல இன்னாத்தப் பாக்குறாரு?"

இது எல்லோரிடமும் கேட்கும் கேள்விதான். எதையாவது பார்க்கிற மாதிரி நின்றால் என்ன பார்க்கிறாய் என்று கேட்பார்கள். நினைத்துப் பார்த்தேன். அப்பாவின் கையில் இருந்த செல்போன் எப்போதும் கறுப்பாகத்தான் இருந்தது. திரையில் வெளிச்சம் வந்து நான் பார்த்ததே இல்லை. அணைந்து கிடக்கும் போனை எடுத்து வைத்துக்கொண்டு அந்த மனிதர் தினமும் நின்றிருக்கிறார். நானும் அணைந்த போனைத்தான் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன், அதையும் சரியாகவே எடுத்து வந்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து, அப்பாவின் பழைய ஷூவைப் போட்டுக்கொண்டு திருப்பத்தில் நின்றேன். போனை அணைத்துக் கையில் பிடித்தேன். போன் கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. தோள் ஏறி ஏறி இறங்கியது. மூச்சு வாங்க நிற்பதற்குப் போன் ஒரு சாக்கு. இடது கையை மேலே தூக்கிப் பார்க்கலாம் என்று நினைத்தேன். அப்பாவாக நிற்கும்வரை அது வரவில்லை. பயந்துபோய் ஷூவை உதறிவிட்டு நானாக நின்றேன். கை சுலபமாக மேலே போனது. அவர் இடது கையைத் தூக்கி நான் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. சட்டையைக் குனிந்து மாட்டுவார். பரண்மேல் இருப்பதை என்னை எடுக்கச் சொல்வார். அழகான செய்கை என்று நான் தூக்கம் கெட்டு ரசித்ததெல்லாம் வலி. நாடகம் படிக்கும் எங்களைப் போன்றவர்களுக்குத்தான் இப்படிப் புத்தி போகும்.

கேட்டால் சொல்லமாட்டார். எனக்கு நன்றாகத் தெரியும். கான்ட்ராக்ட் ஆட்களுக்கு ஆலையில் உடம்பு பரிசோதனை நடக்கும். ஃபிட் இல்லை என்றால் மறுநாள் கேட்டில் நிறுத்திவிடுவார்கள். அப்படி நின்றவர்களைப் பற்றி அவரே சொல்லியிருக்கிறார்.

அதனால் அம்மாவிடம் போனேன். அன்றைக்கு வாசலில் செருமியதும் நான்தான், ரோட்டில் நடந்ததும் நான்தான் என்று சொன்னேன். அவள் நம்பவில்லை.

"சும்மா என்னத் தேத்தாத. அவரு செருமுறது எனக்குத் தெரியாதா? கல்யாணம் ஆன நாள்லேருந்து கேட்டுக்கினு கீறேன்."

"நான்தாம்மா."

"எங்க, செஞ்சி காட்டு."

அது ஞாயிற்றுக்கிழமை. சர்ச் முடிந்து சாப்பிட்டிருந்தோம். அப்பா மேல் படியை ஒட்டி பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்திருந்தார். அம்மா அவர் பக்கத்தில் நின்றாள். நான் கீழே போய் கேட்டை இடுப்பால் தள்ளினேன்.

அம்மா முதலில் சிரித்தாள். "பாரேன், உன்ன மாதிரியே வர்றா" என்று அப்பாவின் தோளைத் தட்டினாள். அப்பாவும் வெட்கப்பட்டுச் சிரித்தார். நான் படி ஏறினேன். சிரிப்பு நின்றுவிட்டது. திருப்பத்தில் நின்று போனை எடுத்தேன்.

"போதும் பாப்பா, நிறுத்து" என்றார் அப்பா.

நான் நிறுத்தவில்லை. அம்மா அப்பாவைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்து, அவரிடம் பேசும் குரலில் கேட்டாள்.

"ஏன் அங்கயே நின்னுக்கினு கீற?"

வசனம் கிடையாது என்று சொன்னேன் அல்லவா. ஆனால் வாய் திறந்துகொண்டது. வந்த குரல் என்னுடையதை விடக் கனமாக, மெதுவாக இருந்தது.

"நெஞ்ச பிடிக்குது."

"எத்தினி நாளா?"

"ஆயுத பூஜைக்கு முன்னாடிலேருந்து. மிஷின் தொடைக்கசொல்ல."

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. ஆயுத பூஜைக்கு முன் நான் அவரைப் பார்க்கத் தொடங்கியிருக்கவே இல்லை. அவர் மிஷின் துடைப்பதைப் பார்க்க ஆலைக்குள் நான் போனதும் இல்லை.

அப்பா சேரிலிருந்து எழுந்துவிட்டார். முகம் வெளுத்துப்போயிருந்தது.

"யாரு சொன்னா உனக்கு?" என்றார். "நான் யாராண்டையும் சொல்லலியே."

யாரும் சொல்லவில்லை என்றேன். அது என் குரலாக இருந்தது. அம்மா அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை.

அடுத்த நாளே சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். இதயத்துக்குப் போகும் குழாயில் அடைப்பு. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் மிஷின் பக்கத்திலேயே விழுந்திருப்பார் என்றார் டாக்டர். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் கையிலிருந்த ஓ.பி. சீட்டைப் பார்த்தேன்.

அடைப்பை எடுத்து அனுப்பினார்கள், ஆனால் ஆலை வேலை போனது. இப்போது தேர்வாய் கண்டிகையில் ஒரு குடோனில் செக்யூரிட்டியாக உட்கார்ந்திருக்கிறார். அவருடைய நடை மாறிவிட்டது. கையை வீசி, யாரோ துரத்துகிற மாதிரி விறுவிறுவென்று படி ஏறுகிறார். தேர்வில் நான் அவரைச் செய்யவில்லை. ரயிலில் வரும் ஒரு பழக்காரம்மாவைச் செய்தேன். சுமாரான மதிப்பெண் போட்டார்கள், நான் செய்ததற்கு அதுவே அதிகம்.

அம்மாவுக்கு என் படிப்பின் மேல் இப்போது பெரிய மரியாதை. நான் வீட்டுக்கு வரும்போதெல்லாம் சமையலறைக்குள் இழுத்து, "அப்பாவ ஒரு தபா நல்லாப் பாரு" என்கிறாள். பார்த்துவிட்டு எப்படி இருக்கிறார் என்று சொல்ல வேண்டும். எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லும்வரை விடமாட்டாள். மந்திரவாதியைப் பெற்று வைத்திருக்கிற மாதிரி நடந்துகொள்கிறாள். சில நாள் எரிச்சலாக வரும். ஆனாலும் பார்க்கிறேன். பார்க்காமல் இருக்க எனக்கே முடியவில்லை.

போன மாதம் ஒரு சாயங்காலம் அப்பா டிவி பார்த்துக்கொண்டிருந்தார். நான் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவர் சேரைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து இன்னும் கொஞ்சம் திருப்பினார். பிறகு என் பக்கம் பார்க்காமலே சொன்னார்.

"பாப்பா, அந்தாண்ட பாரு. நீ பாத்தா எனக்கு பயமா கீது."

"சும்மாதாம்ப்பா பாக்குறேன்."

"தெரியும். வேற எதனா இருந்தாலும் கொஞ்ச நாளு எனக்குள்ளயே இருக்கட்டுமே."

நான் தட்டைத் தூக்கிக்கொண்டு அவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன். டிவி சத்தத்தை அவர் கூட்டி வைத்தார். அதையும் தாண்டி அவர் மூச்சு எனக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.