சந்துமுனை மஞ்சள் பெட்டி

மெய்லியனுக்கு உட்காரவே வராது. நூடுல்ஸ் கடையில்கூடக் கிண்ணத்தைக் கையில் பிடித்தபடி நின்றுதான் சாப்பிடுவாள். ஊசியை விட்டு ஒன்பது வருஷமாகிறது. கால்களில் இருந்த பரபரப்பு மட்டும் போகவில்லை.

யுன்னான் மலைகளுக்கு நடுவே இருந்த அந்த ஊரில், தகரச் சுரங்கங்கள் மூடிய பிறகு நாலாம் நம்பர்தான் மிச்சம். ஹெராயின் பொடிக்கு அங்கே அதுதான் பெயர். மெய்லியன் அதில் விழுந்தபோது இருபத்திரண்டு வயது. பொடிக்குப் பதிலாகத் தினமும் மெதடோன் மருந்து குடித்து எழுந்தபோது முப்பத்தெட்டு. அதன்பின் ஊசி மையத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். பழைய ஊசியை வாங்கிக்கொண்டு புதியது தர வேண்டும், சந்துகளில் கிடப்பதைப் பொறுக்க வேண்டும். மையம் கொடுத்த பிளாஸ்டிக் இடுக்கியை அவள் தொடுவதில்லை. அடுப்பிலிருந்து கரிக்கட்டி எடுக்கும் நீள இரும்பு இடுக்கிதான் அவளுக்குச் சரிப்பட்டது.

பழைய உருக்காலையின் மதில் முடியும் சந்தில் ஒரு மஞ்சள் பெட்டியை அவளே ஆணியடித்து மாட்டியிருந்தாள். மையத்துக்கு வரக் கூச்சப்படுகிறவர்கள் அதில் ஊசியைப் போட்டுவிட்டுப் போவார்கள். மதிலுக்கு அந்தப் பக்கம் இப்போது மழலையர் பள்ளி. அந்தக் காலத்தில் அங்கே சாம்பல் மேடு இருந்தது. போட்டு முடித்ததும் ஊசியை மதிலுக்கு மேலே வீசிவிடுவது எல்லோருக்கும் வழக்கம். மெய்லியனும் வீசியிருக்கிறாள். மேடு போய் மணல் குழி வந்தபிறகும் வீசும் கை நிற்கவில்லை. பெட்டி வந்த பிறகுதான் நின்றது. மணலில் பிள்ளைகள் குதிக்கும் சத்தம் கேட்டால் அவள் நடை தானாக வேகமாகிவிடும்.

அந்தப் பெட்டியை வைத்திருப்பதா எடுப்பதா என்று சனிக்கிழமை மதியம் குடியிருப்போர் குழு கூடி முடிவு செய்யும் என்று தாள் ஒட்டினார்கள்.

வியாழக்கிழமை காலை, மாதாமாதம் போல நிறைந்த பெட்டியை மாற்றப் போனபோது ஓட்டைப்பல்லன் நின்றிருந்தான். அவளோடு அதே மதிலடியில் கிடந்தவன்.

"ரொம்பி வழியுது பாரு அக்கா. தரையில ஒண்ணு கெடக்குதா? நாங்கள்லாம் எவ்ளோ நல்ல பசங்க!"

"பல்லு வெளக்கினா இன்னும் நல்ல பையன்டா நீ."

"இருந்தாத்தானே வெளக்க?"

அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. மாதம் தவறாமல் எரியுலைக்குப் போக வேண்டிய பெட்டியை அனுப்பாமல், இடுக்கியால் எண்ணி மையத்தில் பூட்டி வைத்தாள். மாட்டிய இடத்தில் வேறொரு பெட்டியை மாட்டினாள். சனிக்கிழமை பூட்டிய பெட்டியை எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போனாள். இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

முப்பது பேர் இருந்தார்கள். குழுத் தலைவி லொங், சுரங்க அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவள், தேநீர்க் குவளையின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். மெய்லியனின் முறை வந்தது. அவள் பெட்டியை மேஜைமேல் வைத்து ஒரு குலுக்குக் குலுக்கினாள். உள்ளே சலசலத்தது.

"இருநூத்திப் பதினேழு," என்றாள். "ஒரே மாசத்துல. கீழ விழுந்தது ஒண்ணுகூட இல்ல."

கைதட்டுவார்கள் என்றுகூட நினைத்திருந்தாள். முன்வரிசைப் பெண் தன் பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"இருநூத்திப் பதினேழா? நம்ம தெருவுலயா?"

"மூணு நாலு பேர்னு இல்ல நெனச்சோம்!"

"நீ பெட்டி வெச்சதாலதான் ஊர்ல இருக்கிறவன்லாம் இங்க வர்றான்."

"அதைக் கீழ எடு முதல்ல. நாங்க டீ குடிக்கிற மேஜை அது."

மெய்லியன் பெட்டியை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "முன்னாடியும் இத்தனைதான் இருந்துச்சு. அப்ப உங்க பசங்க வெளையாடுற மணல்ல கெடந்துச்சு. இப்ப இதுக்குள்ள இருக்கு." அவள் குரல் யார் காதிலும் ஏறவில்லை. பெட்டி நிறைந்தால் வெற்றி என்பது மையத்தின் எண்ணம். அதே நிறைவு இங்கே எப்படித் தெரியும் என்று அவள் யோசிக்கவே இல்லை. கைகள் உயர்ந்தன. மதிலில் பெட்டி மாட்டக்கூடாது என்று லொங் எழுதி முத்திரை குத்தினாள்.

ஞாயிறு முழுக்க மெய்லியன் ஏரியைச் சுற்றினாள். மூன்று சுற்றுக்குப் பிறகு எண்ணுவதை விட்டுவிட்டாள். திங்கட்கிழமை எட்டு மணிக்குப் பள்ளி திறக்கும். அதற்குமுன் மதிலுக்கு மேலே எத்தனை பறக்கும்? போய்ப் பொறுக்கலாம். ஆனால் பள்ளிக் கதவின் சாவி அவளிடம் இல்லை.

திங்கள் காலை ஆறு மணிக்கு, ஆணிகள் மட்டும் மிஞ்சிய இடத்தில், காலிப் பெட்டியொன்றை இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு நின்றாள். முதலில் வந்தவன் மதிலைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், பெட்டியில் போட்டுவிட்டுப் போனான். ஆறே முக்காலுக்குக் காய்கறிக் கூடையோடு லொங் வந்தாள்.

"என்ன மெய்லியன், சனிக்கிழமை என்ன முடிவு பண்ணோம்?"

"மதில்ல மாட்டக்கூடாதுன்னு. மாட்டலையே தலைவி."

"வாய்க்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல. தெனமும் நிப்பியா?"

"எட்டு மணி வரைக்கும் நிப்பேன். அப்புறம் நான் மெதடோன் குடிக்கப் போகணும்."

"மத்தியானம் வர்றவன்?"

நேற்று முழுக்க நடந்தும் மெய்லியனுக்குக் கிடைக்காத பதில் அது.

சந்துமுனையில் ஓட்டைப்பல்லன் தலை தெரிந்தது. லொங்கைக் கண்டதும் நின்றுவிட்டான். சட்டைப்பைக்குள் போன கை வெளியே வரவில்லை. அவன் கண்கள் மதிலின் உச்சிக்குப் போய்த் திரும்பின.

"தலைவி, கோவிச்சுக்காதீங்க. உங்களப் பாத்தா அவன் வரமாட்டான். உள்ளதான் வீசுவான்."

"என் தெருவுல என்னையே போகச் சொல்றியா?"

"போக வேணாம். திரும்பி நில்லுங்க போதும்."

லொங்கின் முகம் சிவந்தது. திட்டப்போகிறாள் என்று மெய்லியன் நினைத்தாள். லொங் கூடையைக் கை மாற்றிக்கொண்டு, சந்துக்கு முதுகு காட்டி, எதிர்ப்பக்கத்துக் கடையின் சாத்திய கதவைப் பார்த்தபடி நின்றாள்.

ஓட்டைப்பல்லன் வந்தான், போட்டான், போனான்.

"போயிட்டானா?" என்றாள் லொங், திரும்பாமல்.

"போயிட்டான். இன்னும் ரெண்டு பேர் நிக்கிறாங்க."

லொங் திரும்பவில்லை.