மேஸ்திரி அலசிய பல்

பேகம்பூர் ஜமால் முகமதுவுக்குச் சுண்ணாம்பைப் பற்றி யாரும் பாடம் எடுக்க முடியாது. முப்பது வருஷமாகத் தோல் பதனிடும் தோல்ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டிக்கு அவர்தான் மேஸ்திரி. ஆட்டுத்தோல் எத்தனை நாள் ஊற வேண்டும், முடி எப்போது கழலும் என்பதெல்லாம் அவர் விரலுக்கே தெரியும். அந்தப் பெருமை கொஞ்சநஞ்சமல்ல. மனைவி சைதூன் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவினால்கூட எட்டிப் பார்த்து ஒரு குறை சொல்லாமல் நகர மாட்டார்.

அப்பேர்ப்பட்டவரின் வலப்பக்கக் கடைவாய்ப் பல்லில், மகள் ஃபர்ஹீனின் நிக்காஹ்வுக்குச் சரியாகப் பதினைந்து நாள் இருக்கையில் வலி வந்தது. இடப்பக்கம் ஏற்கெனவே காலி. இதுவும் போனால் வலீமா விருந்தில் சம்பந்தி எதிரில் உட்கார்ந்து கறி தின்ன முடியாது. மாப்பிள்ளை வீட்டில் பெண்ணின் அத்தா கை நனைக்காமல் எழுந்தால் ஊர் சும்மா இருக்குமா?

பல் டாக்டர் கௌசல்யா வேரைத் திறந்து சுத்தம் செய்து, வெள்ளையாக ஒரு பசையை உள்ளே செலுத்தித் தற்காலிகமாக அடைத்தார்.

"என்ன மருந்து டாக்டரம்மா?"

"கால்சியம் ஹைட்ராக்சைடு. நீங்க தொட்டியில போடுற சுண்ணாம்புதான் பாய், சுத்தமா செஞ்சது. வேருக்குள்ள இருக்கற கிருமியக் கொல்லும். ரெண்டு வாரம் உள்ள இருக்கட்டும். நிக்காஹ்வுக்கு மொத நாள் வாங்க, எடுத்துட்டு ஒரேயடியா அடைச்சிரலாம்."

சுண்ணாம்பு என்ற வார்த்தையை டாக்டர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

நாலாம் நாளே வலி போய்விட்டது. ஜமால் முகமது யோசித்தார். ஒரு முழு ஆட்டுத்தோலுக்கே ஆறு நாள் போதும், இத்துனூண்டு பல்லுக்கு ரெண்டு வாரமா? டாக்டரம்மா சின்னப் பிள்ளை, அனுபவம் பத்தாது. தொழிலில் இன்னொன்றும் உண்டு. வேலை முடிந்த சுண்ணாம்பைப் புளித்த தவிட்டுத் தண்ணீரில் அலசி எடுத்துவிட வேண்டும். விட்டால் தோல் முரடாகிவிடும். பல்லும் அப்படித்தானே கெட்டுப்போகும் என்று அவருக்கு உள்ளூரப் பயம்.

ஆறாம் நாள் காலையில் கண்ணாடி முன் நின்று, ஊக்கால் அடைப்பைத் தோண்டி எடுத்தார். தவிட்டுக்குப் பதிலாக எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து வாயில் ஊற்றிக் கொப்பளித்தார்.

"என்னங்க பண்றீக?" என்று பதறினாள் சைதூன்.

"சுண்ணாம்ப அலசுறேன். ஒனக்கு இதெல்லாம் வெளங்காது."

அஞ்சே நாளில் கன்னம் பணியாரமாக உப்பிவிட்டது. டாக்டரிடம் ஓடி, உள்ளதைச் சொன்னார். கௌசல்யாவுக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு மறுபடி சுத்தம் செய்து, மறுபடி அதே மருந்தை வைத்து அடைத்தார்.

"தோலுக்கு முடி கழண்டாப் போதும் பாய். இங்க கிருமி சாகணும், அதுக்கு நாளாகும். இன்னும் ரெண்டு வாரம். நடுவுல எதையாச்சும் கடிச்சீங்க, பல்லப் புடுங்கத்தான் வேணும்."

நிக்காஹ் முடிந்து, வலீமா மாப்பிள்ளையின் ஊரான வடமதுரையில் நடந்தது. சம்பந்தி முகமது யாசின் தானே வந்து ஜமால் முகமதுவின் தட்டில் நல்லி எலும்பாகப் பார்த்து வைத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்தார். இவரோ சோற்றை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"ஏன் சம்பந்தி, எங்க வீட்டுச் சாப்பாடு புடிக்கலையா?"

பந்தியில் இருந்தவர்கள் எல்லாரும் இவர் தட்டை எட்டிப் பார்த்தார்கள். சர்க்கரை, பிரஷர் என்று ஏதாவது அளந்துவிட்டிருக்கலாம். ஆனால் ஃபர்ஹீன் இனி வாழப்போவது இந்த வீட்டில். முதல் நாளே பொய் சொல்ல மனசு வரவில்லை. ஊக்கு, எலுமிச்சம்பழம் எல்லாவற்றையும் தலைகுனிந்தபடி சொல்லி முடித்தார்.

பந்தியே குலுங்கிச் சிரித்தது. யாசினும் சிரித்தார். பிறகு தட்டைத் தன் பக்கம் இழுத்து, கறியை நூல்நூலாகப் பிய்த்துச் சோற்றோடு குழையப் பிசைந்து திரும்ப நகர்த்தினார்.

"மெல்லாம முழுங்குங்க சம்பந்தி. பொண்ணத்தான் எங்களுக்குக் குடுத்துட்டீக. பல்லையாச்சும் வச்சுக்கங்க."

ஜமால் முகமது சிரிக்கத்தான் நினைத்தார். அழுகைதான் வந்தது.