இறக்கத்தில் நழுவிய முழங்கால்

இடுப்பில் ஒரு குடம் தண்ணீரோடு அவர் பீலிக் குழாயடியிலிருந்து லயத்து வரிசை வீடுகளுக்கு நொண்டாமல் நேராக நடந்து வந்ததைப் பார்த்தேன். அந்த ஒரு காட்சியை வைத்துத்தான் அவர் பொய் சொல்கிறார் என்று முடிவு கட்டினேன்.

அறுபதுகளின் தொடக்கம். மாத்தளை மலையில், எல்கடுவப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் கணக்கப்பிள்ளை. கொழுந்து பறிப்பவர்களை மேற்பார்வை செய்வது வேலை. சந்தேகப்படுவது அதில் பாதி. நாலாம் லயத்தில் இருந்த அவரைத் தோட்டமே அக்கா என்றது. கணவனை இழந்தவர், இரண்டு பெண்பிள்ளைகள். மழைநாளொன்றில் கூடையோடு சரிவில் வழுக்கினார். இடது கால் மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குள் மாட்டிக்கொள்ள, உடம்பு மறுபக்கம் திருகி விழுந்தது. முழங்கால் பூசணிக்காயாக வீங்கியது. மாத்தளையில் படம் பிடித்துப் பார்த்தார்கள், எலும்பு முறியவில்லை. மூன்று வாரத்தில் வீக்கமும் வடிந்தது. ஆனாலும் அவர் கொழுந்து பறிக்க மலைக்கு வரவில்லை.

"சமதரையில நடந்துருவேங்க ஐயா. எறங்கறப்பதான் முட்டி கழண்டு போற மாதிரி இருக்கு."

முறிவில்லை, வீக்கமில்லை, குடமும் தூக்குகிறார். பிறகென்ன? காரணமில்லாமல் லயத்துப் பக்கம் போய்வரத் தொடங்கினேன். என் தலையைக் கண்டதும் அவர் நடையை நிறுத்திவிடுவார். அதுவும் எனக்குக் கள்ளமாகவே பட்டது. நடிக்கிறார் என்று தோட்டத்தை நடத்தும் துரையிடம் சொன்னேன். வராவிட்டால் பெயரை வெட்டு என்றார் துரை. பெயர் போனால் லயத்து அறையும் போகும்.

மறுநாள் அக்கா மலைக்கு வந்தார்.

"கூடையை மாட்டிக்கிட்டு எறங்கு, பாப்போம்" என்றேன்.

அவர் முழங்காலிலிருந்து கண்ணை எடுக்காமல் பின்னாலேயே நடந்தேன். பத்தடி போயிருக்க மாட்டார். தொடை ஒரு பக்கமும் கெண்டைக்கால் இன்னொரு பக்கமுமாக நழுவியது சேலைக்கு மேலாகவே தெரிந்தது. தேயிலைச் செடியைப் பிடித்தபடி உட்கார்ந்து என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இப்ப நம்புறீங்களா ஐயா?"

கண்டிக்கு நானே கூட்டிப்போனேன். அங்கே டாக்டர் அவர் கெண்டைக்காலை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். மேசை லாச்சியை இழுத்துத் திறப்பதுபோல் அது முன்னால் வந்தது. "மூணு ஜவ்வு அறுந்திருக்கு. இதெல்லாம் படத்துல தெரியாது" என்றார். அறுவைச் சிகிச்சை செய்து, தொடையிலிருந்து கணுக்கால்வரை மாவுக்கட்டு போட்டார்கள். இரண்டு மாதம் கழித்து மாவுக்கட்டை வெட்டி எடுத்தபோது கால் சுள்ளியாகியிருந்தது. கணுக்காலில் மணல் பையைக் கட்டி, தூக்கித் தூக்கிப் பழகினார். கால் ஓரளவு மடங்கவே ஆறு மாதம் பிடித்தது. குந்தி உட்கார அவரால் பிறகும் முடியவில்லை.

நான் சொன்னது தவறென்று துரையிடம் ஒப்புக்கொண்டேன். அக்காவுக்குத் தொழிற்சாலையில் உட்கார்ந்து தேயிலையில் குச்சி பொறுக்கும் வேலை கிடைத்தது. வேலைக் கடிதத்தை நானே கொண்டுபோனேன். அவர் தொழிற்சங்கத் தலைவரை அழைத்து இரண்டு முறை வாசிக்கச் சொன்ன பிறகே கைநாட்டு வைத்தார். காலுக்குத் தேய்க்க நான் வாங்கிப்போன எண்ணெய்ப் போத்தலைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, தொடாமல் ஓரமாக வைத்தார்.

வேலைக்குப் போன முதல் நாள், தடியூன்றி இறக்கத்தில் இறங்கினார். விழுந்தால் பிடிக்கலாமென்று பின்னால் போனேன். அவர் நின்றார்.

"நீங்க முன்னால போங்க ஐயா. பின்னால வந்தீங்கன்னா கால் நடுங்குது."

முன்னால் போனேன். தொழிற்சாலை வாசல்வரை தடிச் சத்தத்துக்குக் காதுகொடுத்தபடி, ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காமல்.